மலேரியா ஒட்டுண்ணிக்குச் செவி எங்கே?

1880ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 6ஆம் நாள். அல்ஜீரியாவின் கொன்ஸ்தந்தீன் நகரத்து இராணுவ மருத்துவமனையில், காய்ச்சலுற்றிருந்த போர்வீரன் ஒருவனின் குருதித்துளியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கிக்கொண்டிருந்தார் அல்போன்ஸ் லவரான் என்னும் பிரெஞ்சு இராணுவ மருத்துவர். பாரிஸ் நகரிலே பிறந்தவர். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. துளியினுள்ளே கரிய மணிகள் செறிந்த சிறு கோளமொன்று கிடந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அதன் விளிம்பிலிருந்து சவுக்கு நுனி போன்ற மெல்லிய இழைகள் வெளிக்கிளம்பின. அண்டையிலிருந்த செங்குழியங்களை இடித்துத் தள்ளியவாறு துடிதுடித்தன. மலேரியாவை விளைவிப்பது சதுப்பு நிலத்து நச்சுக்காற்று அன்று, உயிருள்ள ஓர் ஒட்டுண்ணியே என்பது அவருக்கு அங்கேயே உறுதியாயிற்று.

ஏனையோருக்கு அது உறுதியாவதற்குப் பல ஆண்டுகள் சென்றன. 1896இல் இராணுவத்தை விட்டு நீங்கிய லவரான் பாரிஸின் பாஸ்டர் நிறுவகத்திற் சேர்ந்துகொண்டார். 1907இல் நோபல் பரிசு பெற்றபோது, பரிசுப் பணத்திற் பாதியை அந்நிறுவகத்திலே வெப்பமண்டல நோய்களுக்கான ஆய்வுகூடம் ஒன்றை அமைக்க ஈந்தார்.

அன்று லவரான் கண்ட இழைகள் ஒட்டுண்ணியின் ஆண் புணரிகள் என்பதை இன்று பாடசாலை மாணவரும் அறிவர். அவை மனித உடலினுள் ஒருபோதும் வெளிப்படுவதில்லை. நுளம்பின் வயிற்றினுள்ளே மாத்திரம் வெளிப்படுவன. அப்படியாயின் கண்ணாடித் தகட்டின்மீது அவை ஏன் வெளிப்பட்டன? உடலைவிட்டு வெளியேறிய குருதித்துளி குளிர்ந்தது. அதிலிருந்த காபனீரொட்சைட்டு காற்றிற் கலந்து அகல, துளியின் காரத்தன்மை சற்றே உயர்ந்தது. நுளம்பின் வயிற்றுக்குள் வந்துவிட்டோம் என ஒட்டுண்ணி எண்ணிக்கொண்டது எனலாம். மருத்துவரின் மேசை அதனை மயக்கிவிட்டது.

'எண்ணிக்கொண்டது' என்ற சொல்லை நான் அறிந்தே எழுதினேன். இவ்வுயிர் ஒரேயொரு கலத்தாலானது. அதற்கு மூளையில்லை, நரம்பில்லை, கண்ணும் செவியும் இல்லை. ஆயினும் தான் எங்கிருக்கிறது என்பதை அது அறிகிறது. மனிதனின் கல்லீரலா, செங்குழியத்தின் உட்புறமா, குருதித் திரவமா, நுளம்பின் குடலா என்பதைப் பிழையின்றி உணர்ந்து, ஒவ்வோரிடத்திலும் அவ்விடத்துக்குரியதைச் செய்கிறது. எதைக் கொண்டு உணர்கிறது என்ற வினாவுக்கு முழு விடை இன்றுவரை கிடைக்கவில்லை. விடையின் ஒரு பகுதி கல்சியம் என்பது தெரியும். அந்தக் கல்சியத்தை ஏவிவிடும் வாங்கிப் புரதங்கள் எவை என்பதே உலகின் பல ஆய்வுகூடங்களில் இன்று நடைபெறும் தேடல்.

தெருவும் மெற்றோவும்

இவ்விடயத்தை எமது பத்திரிகையில் ஏன் எழுதவேண்டும் என வாசகர் கேட்கக்கூடும். ரூ பிலிப்-து-ஜிராரில் நடந்து செல்பவர் எவரும் அப்படிக் கேட்கமாட்டார். லா சப்பலின் எமது மளிகைக் கடைகளுக்கும் அச்சகங்களுக்கும் மேற்கே சிறிது தூரத்தில் மேற்கு ஆபிரிக்க மக்களின் சந்தைகள் தொடங்குகின்றன. பிரான்ஸில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரிடம் கண்டறியப்படும் மலேரியாவில் மிகப்பெரும் பகுதி ஆபிரிக்கப் பயணங்களோடு வந்து சேர்வது. எமது அயலவர் விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும்போது அது அவர்களுடன் வருகிறது. எம்மவரிலும் ஐரோப்பாவை அடைவதற்கு முன் ஆபிரிக்க நகரொன்றின் அறையில் மாதக்கணக்கிற் காத்துக் கிடந்தவர் உளர்.

இத்தெருவுக்குப் பெயர் தந்த பிலிப் து ஜிராரும் ஒருவகையில் எம் போன்றவரே. ஆளிச்சணலை நூற்கும் இயந்திரத்தை 1810இல் ஆக்கியவர். அவ்வாறான இயந்திரத்துக்கு நெப்போலியன் அறிவித்த பத்து இலட்சம் பிராங் பரிசு அவருக்குக் கிடைக்கவேயில்லை. கடன் துரத்த ஒஸ்திரியாவுக்கும் பின்னர் போலந்துக்கும் சென்று, அங்கே தம் பெயரால் ஒரு நகர் உருவாகும்வரை உழைத்து, முதுமையிற் பாரிஸ் திரும்பி 1845இல் மறைந்தார். இது ஒரு பக்கப் பேச்சு. சொல்லவந்தது வேறு: இத்தெருவிலிருந்து சில நிமிட நடையில் மார்க்ஸ் டோர்முவா மெற்றோ நிலையம். அங்கே 12ஆம் இலக்க வண்டியில் ஏறினால், இடையில் எங்கும் மாறாமல் பாஸ்டர் நிலையத்தில் இறங்கலாம். இக்கட்டுரை கூறும் தேடலில் ஈடுபட்டுள்ள முன்னணி ஆய்வாளர் ஒருவர் அந்நிறுவகத்திலேயே பணிபுரிகிறார்.

குளமும் துருசும்

கல்சியம் என்றதும் பாலும் எலும்பும் பல்லும் எமது நினைவுக்கு வரும். உடலில் அதற்கு வேறொரு தொழிலும் உண்டென்பது தற்செயலாகவே தெரியவந்தது. 1883இல் இலண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர், உடலினின்றும் எடுத்த தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் இட்டுத் துடிக்கவைத்தார். அக்கரைசல் குழாய் நீராற் செய்யப்பட்டது. வடித்த தூய நீராற் கரைசல் செய்தபோது இதயம் நின்றுவிட்டது. இலண்டன் குழாய் நீரில் இருந்த கல்சியமே அதுவரை இதயத்தை இயக்கியிருந்தது. தசை சுருங்குவதும் நரம்பு செய்தி கடத்துவதும் கருவுற்ற முட்டை விழித்தெழுவதும் கல்சியத்தின் ஏவலாலேயே என்பது அடுத்த நூறாண்டுகளில் ஒவ்வொன்றாகத் தெளிந்தது.

இது எவ்வாறு நிகழ்கிறது? வன்னியின் குளமொன்றை மனத்திற் கொள்க. கட்டுக்கு ஒருபுறம் நீர் நிறைந்து நிற்கிறது. மறுபுறம் வயல் காய்ந்து கிடக்கிறது. துருசைத் திறந்த மறுகணமே நீர் வாய்க்காலிற் பாய்கிறது. உயிர்க்கலம் ஒவ்வொன்றும் இவ்வாறானதே. குருதித் திரவத்தில் உள்ள கட்டற்ற கல்சியத்தின் செறிவோடு ஒப்பிட்டால் கலத்தின் உள்ளே இருப்பது ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கலம் ஓயாது கல்சியத்தை இறைத்து வெளியே தள்ளுகிறது. ஒரு பகுதியை உள்ளேயே சிறு களஞ்சியங்களிற் பூட்டி வைக்கிறது. தருணம் வாய்க்கும்போது துருசு திறக்கிறது. உட்புகும் கல்சியத்தைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள் விழித்துத் தத்தம் வேலையைத் தொடங்குகின்றன.

துருசு தானாகத் திறப்பதில்லை. வெளியுலகச் செய்தியை ஏற்று உள்ளே அறிவிக்கும் ஒரு புரதம் கலத்தின் மென்சவ்வில் அமர்ந்திருத்தல் வேண்டும். அதனை இலங்கைப் பாடநூல்கள் 'வாங்கி' என்னும். தமிழ்நாட்டில் 'ஏற்பி' என்பர். விரிவுரை மண்டபத்திற் பழகிய சொல்லையே இங்கு கையாள்கின்றேன். மனிதக் கலங்களில் இத்தகைய வாங்கிகளின் மிகப் பெரிய குடும்பம், மென்சவ்வை ஏழுமுறை ஊடறுத்துப் பாம்புபோல் வளைந்து செல்லும் புரதங்களாலானது. எமக்கு அவை ஏறத்தாழ எண்ணூறு உண்டு. இன்று உலகிற் பாவனையிலுள்ள மருந்துகளில் மூன்றிலொரு பங்கு அவற்றின்மீதே செயற்படுகின்றது. மலேரியா ஒட்டுண்ணியின் வாங்கிகள் எவையெனத் தெரிந்தால், அவற்றை அடைக்கும் மருந்தையும் தேடலாம் என்பதே ஆய்வாளரின் நம்பிக்கை.

நுளம்பின் வயிற்றினுள்

லவரான் கண்ட காட்சிக்கே முதலில் விளக்கம் கிடைத்தது. நுளம்பினுள்ளே ஆண் புணரிகளைக் கிளப்பிவிடும் பொருள் சாந்தூரெனிக் அமிலம் என்பதை 1998இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர் கண்டனர். வெப்பம் ஐந்து பாகையளவு குறைந்து, நுளம்பின் குடலிலுள்ள இவ்வமிலமும் தீண்டினால் ஒட்டுண்ணி எழுந்துவிடும். 2004இல் ஒலிவர் பில்க்கரும் அவருடைய குழுவினரும், அமிலம் பட்ட சில வினாடிகளில் ஒட்டுண்ணியினுள் கல்சியம் பெருகுவதையும், அக்கல்சியத்தை ஏற்கும் சி.டி.பி.கே.4 என்ற நொதியம் இல்லாவிடில் ஆண் புணரிகளே உருவாகாமையையும் காட்டினர். பத்துப் பதினைந்து நிமிடங்களில் ஒரு கலம் தன் பரம்பரைப் பொருளை மும்முறை இரட்டித்து எட்டுப் புணரிகளைப் பிறப்பிக்கிறது. உயிரியலில் இத்தனை விரைவான பிறப்பு அரிது.

இந்நொதியக் குடும்பத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சி.டி.பி.கே. வகை நொதியங்கள் தாவரங்களில் உண்டு, மனிதனில் இல்லை. மலேரியா ஒட்டுண்ணியின் உள்ளே, பச்சையம் இழந்த ஒரு பசுங்கணிகத்தின் எச்சம் இன்றும் இருக்கிறது. அதன் தொல்மூதாதை எப்போதோ ஓர் அல்காவை விழுங்கி வைத்துக்கொண்டது என்பதற்கு அதுவே சாட்சி. ஆகவே எம் உடலைத் தீண்டாமல் ஒட்டுண்ணியை மாத்திரம் தாக்கும் வாய்ப்பு இங்கே இருக்கிறது.

ஆனால் சாந்தூரெனிக் அமிலத்தை ஏற்கும் வாங்கி எது? 2020இல் சீனாவின் சியாமென் பல்கலைக்கழகத்தார் ஜி.ஈ.பி.1 என்ற மென்சவ்வுப் புரதத்தை முன்வைத்தனர். அது நீக்கப்பட்ட ஒட்டுண்ணி அமிலத்துக்கு அசையவில்லை. எனினும் ஜி.ஈ.பி.1 அமிலத்தைத் தானே பற்றும் வாங்கியா, வாங்கிக்குத் துணைநிற்கும் புரதமா என்ற ஐயம் உண்டு. ஒரு புரதத்தை நீக்கியதும் பதிற்செயல் நின்றுவிட்டால் அது அப்பாதையில் ஒரு படி என்பது மாத்திரமே உறுதியாகும். மின்குமிழ் அணைந்தால் ஆளியிற் குற்றமா, கம்பியிற் குற்றமா என்பது அதனாற் தெரியாது. வாங்கியென நிலைநாட்ட, அப்புரதம் செய்திப் பொருளைத் தானே பற்றுவதையும் காட்டவேண்டும். இத்துறையில் வெளிவரும் செய்திகளைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டை மறக்கலாகாது. பத்திரிகைகள் பலவும் அதை மறந்தே தலைப்பிடுகின்றன.

செங்குழியத்தை விட்டு வெளியேறும் நிமிடம்

நுளம்பினுள் நிகழ்வது நோயைப் பரப்புகிறது. நோயைத் தருவது குருதியில் நிகழ்வது. பல்சிபாரம் வகை ஒட்டுண்ணி ஒரு செங்குழியத்துள் புகுந்து 48 மணித்தியாலத்திற் பதினாறு முதல் முப்பத்திரண்டு வரையான மெரோசோயிற்றுகளாகப் பெருகிக் குழியத்தை வெடித்து வெளியேறுகிறது. கோடிக்கணக்கான குழியங்கள் ஏககாலத்தில் வெடிக்கையிற் குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் வருகின்றன. வெளியே வந்த மெரோசோயிற்று ஓரிரு நிமிடங்களுள் வேறொரு செங்குழியத்தைப் பற்றித் துளைத்து உட்புகவேண்டும். பிந்தினால் அது அழியும். ஆகவே அதன் வாழ்வில் இதனிலும் இக்கட்டான தருணம் வேறில்லை. மருந்தோ நோயெதிர்ப்போ தாக்குவதற்கு இதனிலும் ஏற்ற தருணமும் வேறில்லை.

வெளியே வந்துவிட்டோம் என்பதை அது எப்படி அறிகிறது? 2010இல் புது டில்லியிலுள்ள அனைத்துலக மரபுப்பொறியியல், உயிர்த்தொழினுட்ப நிலையத்தில் சைல்ஜா சிங், சேத்தன் சிட்னிஸ் ஆகியோர் எளிமையான ஒரு விடையை முன்வைத்தனர். செங்குழியத்தின் உள்ளே பொற்றாசியம் மிகுதி. லீற்றருக்கு ஏறத்தாழ 140 மில்லிமூல். குருதித் திரவத்தில் ஐந்தளவே. பொற்றாசியம் மிக்க கரைசலிலிருந்து குறைந்த கரைசலுக்கு மாற்றியதும் மெரோசோயிற்றின் உள்ளே கல்சியம் உயர்ந்தது. அதன் முனையிலுள்ள நுண்பைகள் திறந்து, செங்குழியத்தைப் பற்றும் புரதங்களை வெளியே தள்ளின. அப்புரதங்களுள் ஒன்று செங்குழியத்தின் மேற்பரப்பிலுள்ள கிளைக்கோபோரின் ஏ என்ற பொருளைப் பற்றியதும் கல்சியம் மீண்டும் தாழ்ந்தது. இரண்டாம் வகைப் பைகள் திறந்தன. முதலில் கதவைத் தட்டுவதற்கான கருவி, பின்னர் உட்புகுவதற்கான கருவி. வரிசை பிறழ்வதில்லை.

அழகான விளக்கம். அழகாயிருப்பதனால் மாத்திரம் எதுவும் மெய்யாகிவிடாது. 2013இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகங்களைச் சேர்ந்த சஞ்சய் தேசாயின் குழு, குருதிக்குரிய உப்புக்களின் அளவை வெகுவாக மாற்றிய ஊடகங்களிலும், பொற்றாசியம் மிகுந்த ஊடகத்திலும் ஒட்டுண்ணி வளர்வதைக் காட்டியது. பொற்றாசியத்தின் வீழ்ச்சி இன்றியமையாத செய்தியாயின் இது எங்ஙனம் இயலும்? அன்றியும், முதிர்ந்த ஒட்டுண்ணி குடியிருக்கும் செங்குழியம் ஏற்கெனவே ஓட்டை வீடு. அதன் பொற்றாசியம் வெடிப்புக்கு முன்னரே பெரிதும் கசிந்துவிடுகிறது. பொற்றாசியம் செய்திகளுள் ஒன்று, ஒரே செய்தியன்று என்று கொள்வதே இன்றைய நிலையிற் பொருந்தும் என்பது என் கணிப்பு.

சிட்னிஸ் 2014 முதல் பாரிஸில், முன்னர் கூறிய பாஸ்டர் நிறுவகத்தில், மலேரியா ஒட்டுண்ணி உயிரியல், தடுப்பூசி ஆய்வுப் பிரிவுக்குத் தலைமை தாங்கி வருகிறார். அதே ஆண்டில் அவருடைய குழு, பொற்றாசியம் குறைந்ததும் ஒட்டுண்ணியினுள் முதலில் வளைய ஏ.எம்.பி. என்ற இடைத்தூதன் பெருகி, அதன் வழியாகவே கல்சியம் எழுவதைக் காட்டியது. துருசுக்கும் ஏவலுக்கும் இடையிலுள்ள வாய்க்கால்கள் இவ்வாறு ஒவ்வொன்றாக வரையப்படுகின்றன. வாய்க்காலின் தலைப்பில் இருப்பது எது என்பதே எஞ்சியுள்ளது.

நான்கு பெயர்கள்

2002 ஒக்ரோபரில் பல்சிபாரம் ஒட்டுண்ணியின் பரம்பரையலகுத் தொகுதி முழுமையாகப் படித்தெடுக்கப்பட்டபோது, வாங்கிகள் உடனே அகப்படும் எனப் பலர் எதிர்பார்த்தனர். 14 நிறமூர்த்தங்கள், ஏறத்தாழ 5,300 பரம்பரையலகுகள். அவற்றில் அரைவாசிக்கு மேற்பட்டவை எந்த அறிந்த புரதத்தையும் ஒத்திருக்கவில்லை. எண்ணூறு வாங்கிகள் கொண்ட எமது குடும்பத்தைப் போன்ற ஒன்றுகூட அங்கே வெளிப்படையாகக் காணப்படவில்லை. எமக்கும் அதற்கும் இடையிலான உறவு அத்தனை தொலைவானது. எமது மொழியின் சொற்களை வைத்துக்கொண்டு அதன் அகராதியைத் தேடினால் எப்படி அகப்படும்?

பிரேசிலின் சாவோ பாவுலோ பல்கலைக்கழகத்திற் செலியா கார்சியாவின் குழு வேறு வழியை நாடியது. எழுத்துக்களின் ஒப்புமையை விட்டு, மென்சவ்வை ஏழுமுறை ஊடறுக்கும் வடிவம் எந்தப் புரதத்துக்கு இருக்கக்கூடும் எனக் கணினியாற் சலித்தெடுத்தனர். 2008இல் நான்கு புரதங்கள் தேறின: எஸ்.ஆர்.1, எஸ்.ஆர்.10, எஸ்.ஆர்.12, எஸ்.ஆர்.25. 2017இல் அவற்றுள் இறுதியானதைப் பற்றிய முடிவு வெளிவந்தது. எஸ்.ஆர்.25 நீக்கப்பட்ட ஒட்டுண்ணியிற் பொற்றாசியத்தின் மாற்றம் கல்சியத்தை எழுப்பவில்லை. டில்லி கண்ட செய்திக்குச் சாவோ பாவுலோ செவி கண்டுவிட்டது போலத் தோன்றியது. ஆயின் அந்தச் செவியற்ற ஒட்டுண்ணி இறக்கவில்லை, தொடர்ந்து பெருகியது. லுமெபான்ட்ரின், பைப்பெராகுயின் ஆகிய மருந்துகளுக்கு முன்னிலும் இலகுவில் இரையாகியது என்பதே வேறுபாடு. தனியே எஸ்.ஆர்.25ஐ அடைக்கும் மருந்து நோயைத் தீர்க்காது. பழைய மருந்துகளின் கூரைத் தீட்ட உதவலாம்.

கார்சியாவின் குழு 2000ஆம் ஆண்டிலேயே இன்னொரு செய்தியையும் அறிவித்திருந்தது: இருளில் மனித உடல் சுரக்கும் மெலற்றோனின் என்ற ஓமோன் ஒட்டுண்ணியிற் கல்சியத்தை எழுப்புகிறது. ஒருநாள் விட்டொருநாள், அதே வேளைக்குக் குளிர்காய்ச்சல் வருவதை எமது பெரியோர் நன்கறிவர். ஒட்டுண்ணிக் கூட்டம் எமது இரவைக் கொண்டே தன் நேரத்தைச் சரிசெய்கிறது என்பது கேட்டவரைக் கவர்ந்த கருத்து. மெலற்றோனினைப் பற்றும் வாங்கி மாத்திரம் இன்னும் நிலைநாட்டப்படவில்லை. ஒட்டுண்ணிக்குச் சொந்தக் கடிகாரமே உண்டென 2020இல் வெளியான ஆய்வுகள் கூறின. அதே ஆண்டில், எஸ்.ஆர்.10 நீக்கப்பட்ட எலி மலேரியா ஒட்டுண்ணியின் சுற்று இரண்டு மூன்று மணித்தியாலம் குறுகுவதும் கண்டறியப்பட்டது. அது கடிகாரத்தின் முள்ளைத் தொடும் புரதம் எனலாம். எச்செய்தியை ஏற்கிறது என்பது தெரியாது.

உட்களஞ்சியத்தின் துருசு பற்றிய புதிர் இதைவிட விசித்திரமானது. எமது கலங்களில் ஐ.பி.3 என்ற சிறு மூலக்கூறு களஞ்சியத்தின் வாங்கியைத் தொட்டுக் கல்சியத்தை விடுவிக்கிறது. ஒட்டுண்ணியிலும் ஐ.பி.3 உருவாகிறது, கல்சியமும் வெளிவருகிறது. ஐ.பி.3 வாங்கியின் பரம்பரையலகு மாத்திரம் அதன் தொகுதியில் எங்கும் காணப்படவில்லை. திறப்பு இருக்கிறது, கதவு திறக்கிறது, பூட்டைக் காணோம். 2021இல் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் இலண்டன் பிரான்சிஸ் கிரிக் நிறுவகமும் பிறரும் சேர்ந்து ஐ.சி.எம்.1 என்ற புரதத்தை அறிவித்தனர். மென்சவ்வைப் பலமுறை ஊடறுக்கும் இப்புரதம், கல்சியத்தை ஏவும் பி.கே.ஜி. என்ற நொதியத்தோடு இறுகப் பிணைந்திருக்கிறது. அதனை நீக்கினால் ஒட்டுண்ணி செங்குழியத்தினின்றும் வெளியேற இயலாது உள்ளேயே அடைபடுகிறது. எஸ்.ஆர்.25 போலன்றி இது உயிர்நிலை. அதுதான் துருசா, துருசைக் காக்கும் ஆளா என்பது தீர்க்கப்படாத வினா.

மருந்துகள் தோற்கும் காலம்

இத்தேடலின் அவசரத்தை உணர, மருந்துகளின் வரலாற்றை நோக்கினாற் போதும். 1820இல் பாரிஸிலே பெல்ற்றியே, கவந்து என்ற மருந்தாளர் இருவர் சிங்கோனாப் பட்டையினின்றும் குயினைனைப் பிரித்தெடுத்தனர். இருபதாம் நூற்றாண்டின் நடுவிற் குளோரோகுயின் வந்தது. 1950களின் இறுதியிலேயே தாய்லாந்து, கம்போடிய எல்லையில் அதற்கு மசியாத ஒட்டுண்ணி தோன்றிவிட்டது. பின்னர் சீனத்து ஆர்ட்டெமிசினின். அதன் வலுக்குறைவும் கம்போடியாவின் மேற்கிலேதான் 2008ஐ ஒட்டி முதலில் அறியப்பட்டது. இப்போது உருவாண்டா முதலிய ஆபிரிக்க நாடுகளிலும் வேரூன்றியுள்ளது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2023இல் 26 கோடியே 30 இலட்சம் பேரை மலேரியா பீடித்தது; 5,97,000 பேர் மாண்டனர். பெரும்பாலோர் ஆபிரிக்கக் குழந்தைகள். 2021இலும் 2023இலும் பரிந்துரைக்கப்பட்ட இரு தடுப்பூசிகளும் துணைபுரிகின்றன. நோயை முற்றாகத் தடுப்பனவல்ல. கல்சியச் சமிக்ஞையைத் தாக்கும் மலேரியா மருந்தெதுவும் இன்னும் பாவனைக்கு வரவில்லை.

எமது தீவின் கதை இதற்கு நேரெதிராகத் தோன்றும். 1934, 35இல் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்ட கொள்ளைநோய். 1963இல் நாடு முழுவதிலும் பதினேழே நோயாளர். வென்றுவிட்டோம் என்று கைதளர்த்தியதும் 1969இல் ஐந்து இலட்சத்துக்கு மேல். போர்க்காலத்தில் வடக்கும் கிழக்கும் இதன் சுமையை அதிகம் தாங்கின. வேலிக்கு இரு புறமும் நுளம்புவலையும் பூச்சிகொல்லியும் கொண்டு சென்ற சுகாதாரப் பணியாளரின் உழைப்பு எமது வரலாறுகளில் உரிய இடம் பெறவில்லை என்பது என் குறை. 2012 ஒக்ரோபருக்குப் பின் 2016 வரை உள்நாட்டிலே தொற்றிய நோயாளர் பதிவாகவில்லை. 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. அதே ஆண்டின் இறுதியில், நகரக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகும் அனோபிலிசு ஸ்ரெபென்சி என்ற நுளம்பு மன்னாரிற் கண்டுபிடிக்கப்பட்டது, பின்னர் யாழ்ப்பாணத்திலும். நுளம்பு காத்திருக்கிறது, ஒட்டுண்ணி எவருடைய குருதியிலாவது வந்து சேரவேண்டியதுதான்.

அது எப்படி வரும் என்பதற்கு 2013இல் மருத்துவ இதழொன்றில் வெளியான ஒரு நோயாளர் வரலாறு சான்று. மேற்கு ஆபிரிக்கா வரை சென்று, ஆட்கடத்துவோரின் முயற்சி முறிந்து நாடு திரும்பிய ஒருவர். வந்திறங்கியபோது செய்த விரைவுச் சோதனையில் மலேரியா இல்லையெனத் தெரிந்தது. மூன்றாம் நாள் காய்ச்சலும் குளிரும். டெங்கு என்று கருதிப் பராமரித்தனர். ஏழாம் நாளிலேயே குருதியிற் பல்சிபாரம் கண்டறியப்பட்டது. முதற் சோதனையின்போது ஒட்டுண்ணியின் தொகை அதற்கு அகப்படாத அளவு குறைந்திருந்தது. ஒரு சோதனையோடு விட்டுவிடாது, இவ்வாறு திரும்புவோரைத் தொடர்ந்து கண்காணிக்க மலேரியாத் தடை இயக்கம் அதன்பின் முடிவுசெய்தது.

இதே நிலை இங்கு வந்திறங்குவோருக்கும் நேரலாம். ஆபிரிக்க நாடொன்றில் தங்கி வந்தவருக்கு மாதங்களின் பின் காய்ச்சல் வந்தாலும் அது மலேரியாவாக இருக்கக்கூடும். பல்சிபாரமாயின் ஒரிரு நாட் தாமதமும் உயிரைக் கொள்ளும். பரசிற்றமோல் விழுங்கிவிட்டுப் படுத்திருப்பதும், வந்த பாதையைச் சொன்னால் வழக்குக்குக் கேடு வருமென்று மருத்துவரிடம் மறைப்பதும் எம்மவரிடையே உண்டு. நோயாளர் கூறுவதை வெளியிடாதிருக்கப் பிரெஞ்சுச் சட்டம் மருத்துவரைக் கட்டுப்படுத்துகிறது. அகதி அலுவலகத்துக்கும் அவர் அதைச் சொல்லலாகாது. நாடுகளின் பெயரையும் தங்கிய மாதங்களையும் சொல்லி, 'பலுடிஸ்ம்' என்ற ஒரு சொல்லையும் சேர்த்தாற் போதும். லா சப்பலிலிருந்து நடந்துசெல்லும் தூரத்தில் லரிபுவாசியேர் மருத்துவமனை இருக்கிறது; பதினெட்டாம் வட்டாரத்தின் வடமேற்கு ஓரத்திலுள்ள பிஷா மருத்துவமனையில் வெப்பமண்டல நோய்களுக்கான பிரிவு உண்டு. சோதனைக்கு வேண்டியது சிறிதளவு குருதி; முடிவு அன்றே தெரிந்துவிடும்.